ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

'பழங்குடி மக்களும் குற்றவியல் நீதியும்' என்ற தாளை இப்போது நான் நடத்துவதில்லை. ஏன் நடத்துவதில்லை என்று ஆளுக்கொன்று பேசிக்கொள்கிறார்கள். ஜங்ஷன் ரோட்டில் டீ குடிக்கிறவர்கள்கூட ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் சொல்லி நான் கெட்டவளாவதைவிட, நானே சொல்லிக் கெட்டவளாகிவிடுகிறேன்.

என் பெயர் அம்புஜவல்லி. வாரநாட்களில் ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளர். சனி, ஞாயிறில் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி மையத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பு எடுத்தேன். மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தின் நான்கு அறைகளை விடுமுறை நாட்களில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் போலீஸ்காரர்களும் வி.ஏ.ஓ.க்களும் வாத்தியார்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பட்டம் வந்தால் பதவி உயர்வு வரும், அதற்காக வந்தவர்கள். பாடம் யாருக்கு வேண்டும்?

எனக்கு வேண்டும். அந்தத் தாளுக்குப் பாடத்திட்டம் எழுதிக் கொடுத்ததே நான்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சில சாதிகளை மொத்தமாகக் குற்றப்பரம்பரை என்று பதிந்து, ஸ்டேஷனில் வந்து ரேகை வைக்கச் சொன்ன சட்டம் ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஏழு வருடம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மிப் பென்சிலால் நகல் எடுத்து, வீட்டில் நேரத்துக்குச் சோறு வைக்காததற்கு வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு எழுதியது. அந்த ஒரு விஷயத்தில் இந்த ஜில்லாவில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு நகை மாதிரி. வேறு நகை என்னிடம் அதிகம் இல்லை.

ஆராயியை வகுப்புக்கு அழைத்து வந்ததும் நான்தான். இரண்டாயிரத்து ஆறாம் வருடம், மே மாதம். வேறு வேலையாகக் கோர்ட்டுக்குப் போன இடத்தில், திலீபன் என்ற வக்கீலோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "சார், அவங்க 380 போட்டுருக்காங்க, பொருளே மீட்கல, எப்படி 411-உம் சேத்தாங்க?" என்று கேட்டாள். 380 என்பது வீட்டில் திருடியதற்கான பிரிவு, 411 திருட்டுப் பொருளை வைத்திருந்ததற்கு. எந்த ஆபீசில் வேலை என்று விசாரித்தேன். திலீபன் சிரித்தார். செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் கட்டையைச் சூளைக்குப் போகும் முன் பிசிறு சுரண்டுகிற வேலை. மணிமுத்தாற்று ஓரம் இருளர் குடியிருப்பில் வீடு. கணவர் பாவாடை அதே கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிறார். அவர் மேல் இதுவரை ஒன்பது திருட்டு கேஸ். ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் ஒன்பது முறை உள்ளே போய் வந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் வந்து உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். உள்ளதைச் சொன்னால், என் பாடத்துக்கு ஒரு காட்சிப்பொருளாகத்தான் கேட்டேன். நான் படம் காட்டுவேன், அவள் படமாக இருப்பாள், அவ்வளவுதான் என் கணக்கு.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பாவாடை சைக்கிளைப் பூட்டிவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆராயி ஒரு மஞ்சள் பையிலிருந்து பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். பஸ் டிக்கெட், கடைச் சீட்டு, பிளாட்பாரம் டிக்கெட் என்று குப்பையாகக் கொட்டியது.

"இது என்னாங்க அம்மா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டது பச்சமுத்து. பக்கத்து ஊர் ஸ்டேஷனில் ஏட்டு.

"எங்க வூட்டு நகைப்பொட்டிங்க சார்" என்றாள் ஆராயி. வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "தெனமும் நாங்க எங்க இருந்தோம்னு சொல்ல எங்களுக்கு ஒரு சீட்டு வேணும். திங்கள்லேருந்து சனி வரைக்கும் கவலயில்ல, கம்பெனில வருகைப் புத்தகம் இருக்குது. ஞாயித்துக்கெழமதான் ஆபத்து. அதான் எங்க வூட்டுக்காரரு மேல இருக்குற ஒம்போது கேஸுல ஏழு கேஸு ஞாயித்துக்கெழம நடந்ததா இருக்குது."

அவள் ஒரு பிளாட்பாரம் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். "மொதல்ல ஞாயித்துக்கெழமயானா ஜங்ஷனுக்குப் போயி இத வாங்கிகினு ரெண்டு பேரும் பெஞ்சுல ஒக்காந்துருப்போம். தேதி இருக்குது, மணி இருக்குது. எட்டாவது கேஸுல இத நீட்டுனேன். இதுல பாவாடைன்னு எங்க எழுதிருக்குதுன்னு இன்ஸ்பெக்டரு கேட்டாரு. நாயம்தான? அதுலேருந்து பேரு எழுதுன சீட்டுதான் வாங்குறது."

வகுப்பு முடிந்ததும் நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "டீச்சர், ஆராயி, பாவாடை ரெண்டு பேரும் இன்னிக்குப் பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் இங்க இருந்தாங்கன்னு எழுதிக் குடுங்க. சீலு இருந்தா அதையும் போடுங்க." சந்தோஷமாக எழுதி, மையத்தின் வட்டச் சீல் குத்திக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கே என்னைப் பெருமையாக இருந்தது. பாவாடை அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கி மடிக்காமல் டப்பாவில் வைத்தார்.

ஒரு மணி நேரத்துக்கு என்று வந்து மூன்று மணி நேரம் இருந்தவள் அடுத்த ஞாயிறும் வந்தாள். மாணவர்கள் கேட்டார்கள், நான் சரி என்றேன். அதற்கும் சீட்டு எழுதினேன். ஆனால் அந்த இரண்டாவது வாரமே எனக்குள் ஏதோ ஒன்று கடிக்க ஆரம்பித்துவிட்டது.

என் வகுப்புக்குப் பதினெட்டுப் பேர் வருவார்கள். ஆராயி வருகிறாள் என்றால் நாற்பத்திரண்டு பேர். நான் பேசும்போது பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள், அவள் வாயைத் திறந்தால் தேதி போட்டுக் குறிப்பு எழுதினார்கள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் வேல்விழி என்ற ஸ்கூல் டீச்சர், சனிக்கிழமை என் வகுப்புக்கு நடுவில் கையைத் தூக்கினாள். சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று ஆசையாக நிமிர்ந்தேன். "மேடம், நாளைக்கு ஆராயி அம்மா வருவாங்கள்ல?" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. கற்பனை இல்லை, நிஜமாகவே எரிந்தது. வீட்டுக்குப் போய் மோர் குடித்தேன்.

ஒருநாள் நான், அந்தச் சட்டம் சுதந்திரத்தை ஒட்டி ரத்தாகிவிட்டது, அதற்கான அரசாணையை நானே தேடி எடுத்தேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஆராயியிடம் திரும்பி, "அப்படியாம்மா?" என்று கேட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம்! "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ரத்தான சேதிய ஸ்டேஷனுக்கு யாரும் இன்னும் சொல்லல போலருக்குது" என்றாள். கூரை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு வருடத் தும்மலை ஒரு வாக்கியத்தில் ஊதித் தள்ளிவிட்டாளே என்று உள்ளே புகைந்துகொண்டிருந்தேன். வகுப்பில் எல்லாரும் அவளை 'அவங்க' என்றார்கள். என் மனதில் மட்டும் அவள் அவளாகவே இருந்தாள், இதை எழுதும்போதும் பாருங்கள், அந்தப் பழக்கம் போகவில்லை.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாற்போல் வந்தார் கோதண்டபாணி. மையத்தின் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஜூன் முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மேடம், அந்தம்மாவுக்கு நல்ல பேரு இருக்குது. அடுத்த வருசத்துலேருந்து பாதி வகுப்ப கௌரவ விரிவுரைன்னு அவங்களுக்கே குடுத்துடலாம்னு பாக்கறேன். நீங்க தியரிய மட்டும் பாத்துக்கோங்க. அவங்க வந்து போனதுக்கு நீங்க சீட்டு குடுத்துருக்கீங்களாமே, அதையே ஆதாரமா வெச்சு யுனிவர்சிட்டிக்கு எழுதிடறேன். ஒரு அஞ்சு வகுப்புக்கு இருந்தா போதும்."

"நல்லது சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன். என் பாடத்திட்டம், என் தாள், அதில் பாதியை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருத்திக்கா? நான் எழுதிக் கொடுத்த சீட்டே எனக்குக் குழி வெட்டுகிறதா? அந்த நிமிஷத்திலிருந்து அவள் நீட்டும் தாள் என் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. பாவாடைக்காக வாங்கவில்லை, என் நாற்காலிக்காகச் சேர்க்கிறாள் என்று நினைத்தேன். சீட்டு எதற்கென்று எனக்குத் தெரியாதா? டப்பாவைக் கவிழ்த்து அவள் சொன்னதை முதலில் கேட்டவளே நான்தான். தெரிந்தும் அப்படி நினைத்தேன். பொறாமை வந்தால் தெரிந்தது தெரியாமல் போய்விடாது. தெரிந்தது தெரிந்தபடியே இருக்கும், நாம்தான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம்.

ஜூன் நான்காம் தேதி, "சீல் இருக்கிற ரூமைப் பூட்டிட்டாங்க, அடுத்த வாரம்" என்றேன். பதினொன்றாம் தேதி, "தலைவலி, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். வகுப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. தேதி, பாடம், நடத்தியவர், கையெழுத்து என்று நான்கு கட்டம். அந்த இரண்டு ஞாயிறுக்கும் நடத்தியவர் கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆராயி என்ற பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், நாற்பத்திரண்டு பேர் பார்க்க.

பதினெட்டாம் தேதி ஞாயிறுதான் அவள் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு. அதைச் சொல்ல இப்போதும் எனக்கு நாக்கு கூசுகிறது. பச்சமுத்துவைப் பலகைக்கு அழைத்து, "சார், நீங்க ஸ்டேஷனுல எழுதுற மாதிரியே ஒரு எப்.ஐ.ஆர். எழுதுங்க. ஆளு வேணுமா? இதோ இருக்காரு" என்று கடைசி பெஞ்சிலிருந்து பாவாடையைக் கூப்பிட்டு நிறுத்தினாள். பாவாடை வெட்கத்தோடு கையைக் கட்டிக்கொண்டு பலகைப் பக்கம் நின்றார். பச்சமுத்து கைப்பழக்கத்தில் மளமளவென்று எழுதினார். 'சந்தேகத்திற்கிடமான முறையில் நின்றவரைப் பிடித்து விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதில் கூறியதால்' என்று வந்ததும் ஆராயி, "நிறுத்துங்க சார்" என்றாள்.

"இந்த வரி எங்க ஒம்போது எப்.ஐ.ஆருலயும் இருக்குது. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சதே இந்த வரிலதான். நீங்க என்னா கேட்டீங்க, அவரு முன்னுக்கு என்னா சொன்னாரு, பின்னுக்கு என்னா சொன்னாரு, எங்கயாவது எழுதிருக்கீங்களா?"

பச்சமுத்து சாக்பீஸோடு நின்றார். "இல்லம்மா" என்றார்.

"கோர்ட்டுல மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி அதான். எழுதிக்கோங்க" என்றாள். நாற்பத்திரண்டு தலை குனிந்து எழுதியது. சுவர்க் கடிகாரத்தில் அப்போது பதினொன்றரை. ஏன் மணியைப் பார்த்தேன் என்றால், எப்போது முடியும் என்று இருந்தது எனக்கு. முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்கு யாரும் ஒருநாளும் கைதட்டியதில்லை.

எல்லாரும் போன பிறகு தாளை நீட்டினாள். "டீச்சர், ரெண்டு வாரமா பாக்கி இருக்குது."

"வாராவாரம் என்ன சீட்டு? நாற்பது பேர் பார்த்தாங்க இல்ல, அது போதாதா?"

"நாப்பது பேரு பாப்பாங்க டீச்சர். கேட்டா யாரும் பாத்துருக்க மாட்டாங்க."

"அடுத்த வாரம் சேர்த்து எழுதித் தர்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாவாடை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். நான் போய்ப் பதிவேட்டில் எழுதினேன்: '18.6.2006. கைது நடைமுறைகள். நடத்தியவர்: முனைவர் அம்புஜவல்லி.' முனைவர் என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பாவாடையைக் கொண்டுபோய்விட்டார்கள். சனிக்கிழமை காலை பூதாமூரில் என் வீட்டு வாசலில் ஆராயி நின்றாள். கையில் எப்.ஐ.ஆர். நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு ஊரில் பதினெட்டாம் தேதி ஞாயிறு பகல் பதினொன்றரை மணிக்கு, வீட்டார் காதுகுத்துக்குப் போயிருந்த நேரத்தில், ஐந்து பவுன் சங்கிலி திருட்டு. பேருந்து நிறுத்தத்தில் சந்தேகத்திற்கிடமான முறையில் நின்ற பாவாடையை விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதில் கூறியதால். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

"பதினெட்டாந்தேதிச் சீட்டு வேணும் டீச்சர்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவளோடு திலீபன் ஆபீசுக்குப் போனேன். இப்போது ஒரு சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "கைதுக்கு அப்புறம் எழுதுன சீட்டுக்கு மதிப்பு இல்லீங்க மேடம். அன்னிக்கே எழுதுன வகுப்புப் பதிவேடு இருக்கும்ல? அந்தப் பக்கத்த ஒரு நகல் எடுத்துக் குடுங்க. அது போதும், திங்கக்கெழமையே பெயில் போட்டுடலாம்."

"இருக்கும். பார்க்கிறேன்" என்றேன். ஆராயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே மையத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. 'சிறப்பு விருந்தினர்: ஆராயி, உடன் பாவாடை' என்று நுணுக்கி எழுதினால் அடங்கும். அடங்கிவிட்டால் அவரும் வெளியே வருவார், என் வேலையும் தப்பும். பேனாவைத் திறந்தேன்.

"மேடம், அந்த இங்க் வேற கலரு."

மேஜைக்கு எதிரே பச்சமுத்து நின்றிருந்தார். சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது. பதிவேட்டை இன்னொரு முறை பார்த்தார். "அன்னிக்கு எழுதுனது கறுப்பு, இது நீலம். நாங்க இந்த மாதிரி சேக்குறப்ப அதே பேனாவத்தான் தேடுவோம்" என்றார். கிண்டல் இல்லை. தொழில் தெரிந்தவர் சொல்லிக்கொடுக்கிற மாதிரித்தான் சொன்னார். பேனாவை மூடினேன்.

"பச்சமுத்து, அன்றைக்குப் பதினொன்றரைக்கு அவரைப் பக்கத்தில் நிறுத்தி நீங்கள்தானே பலகையில் எழுதினீங்க? சொல்ல மாட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ரெண்டு பொண்ணு மேடம். யூனிபாரம் கழண்டுடும்."

பத்து மணிக்கு வகுப்பில் கேட்டேன். போன ஞாயிறு ஆராயியையும் பாவாடையையும் இந்த அறையில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள், ஒரு மனுவில் கையெழுத்து வேண்டும் என்றேன். வி.ஏ.ஓ. தன் பேனாவைப் பார்த்தார். வாத்தியார்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது, இதற்குத்தானா அப்படிக் கைதட்டினீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது, பார்க்காதவர்களின் பட்டியலில் முதலில் கையெழுத்துப் போட்டிருப்பது நான்.

வகுப்பு முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் வேல்விழி வந்து தன் நோட்டை என் கையில் திணித்தாள். தேதி, பாவாடை பேரில் பச்சமுத்து எழுதிய எப்.ஐ.ஆர்., ஆராயி கேட்ட கேள்வி எல்லாம் இருந்தது. முதல் பக்கத்தை மட்டும் கிழித்திருந்தாள். "என் பேரு வராம பாத்துக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். நேராக அதை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் ஆராயி வீட்டுக்குப் போனேன். அவள் புரட்டிப் பார்த்தாள். "பேரில்லாத சீட்டு எங்ககிட்ட டப்பா நெறைய இருக்குது டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அங்கே, அவள் வீட்டு வாசலில் நின்றபடிதான் சொன்னேன். பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை, என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், மூன்று வாரமும் அப்படித்தான் என்றேன். அவள் ஒரு குடத்து நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"சரி, அப்ப பதிவேடு பொய்யின்னு நீங்கதான் எழுதித் தரணும்" என்றாள். "வேற வழி இல்ல."

"எழுதினால் என் வேலை போய்விடும் ஆராயி."

"போவும்" என்றாள். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. உள்ளே பாவாடையின் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை திலீபன் ஆபீசில் பிரமாணப் பத்திரம் தயாரானது. அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். மேற்படி தேதியில் வகுப்பை நடத்தியவர் ஆராயி, அவர் கணவர் பாவாடை பத்து மணி முதல் ஒரு மணி வரை அவ்வறையில் இருந்தார், பதிவேட்டில் என் பெயரை நான் எழுதியது உண்மைக்குப் புறம்பானது. அங்கே வந்ததும் வக்கீல் நிறுத்தினார்.

"ஏன் அப்படி எழுதினீங்கன்னு ஜட்ஜு கேப்பாரு. காரணம் வேணும். 'கவனக்குறைவால் நேர்ந்த பிழை'ன்னு போட்டுடலாமா? உங்களுக்கும் சேதாரம் கம்மி."

எனக்கு உயிர் வந்தது. தலையாட்டப் போனேன். ஆராயி குறுக்கே வந்தாள்.

"அது வேணாங்க சார். என்கிட்ட இருக்குற ஒம்போது கேஸு கட்டுலயும் கவனக்குறைவு இருக்குது. தேதி தப்பா, கவனக்குறைவு. அவருக்குக் கை ஒடஞ்சுதா, கவனக்குறைவா வழுக்கி வுழுந்துட்டாரு. ஜட்ஜு அந்த வார்த்தயப் பாத்தா அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாரு." என் பக்கம் திரும்பினாள். "என்னா நடந்துச்சோ அத எழுதச் சொல்லுங்க டீச்சர்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? கம்பெனில என் பக்கத்துல ஒக்காந்து பிசிறு சுரண்டுற பொம்பள, நான் அவளவிட நாலு கட்ட கூட சுரண்டிட்டா அன்னிக்குப் பூரா என் மூஞ்சியப் பாக்க மாட்டா. நீங்க மூணு வாரமா பாக்கல."

டைப் அடிக்கிறவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். திலீபன் கண்ணாடியைத் துடைத்தார். அந்த நேரத்திலும் என்ன தோன்றியது தெரியுமா? ஒரு பத்திரத்தில் எந்த வார்த்தை நிற்கும், எந்த வார்த்தை விழும் என்று இவளுக்கு எப்படித் தெரிகிறது, எனக்கு ஏன் தெரியவில்லை என்று தோன்றியது. புருஷன் ஜெயிலில் கிடக்கிறவளைப் பார்த்து அந்த நேரத்திலும் பொறாமைப்பட்டேன்.

"பொறாமை என்று போடுங்கள்" என்றேன்.

'மேற்படி ஆராயியின் கற்பிக்கும் திறன்மீது எனக்கு ஏற்பட்ட பொறாமையின் காரணமாக' என்று டைப் ஆனது. கையெழுத்துப் போட்டேன். முனைவர் என்று எழுதவில்லை.

மதியம் கோர்ட்டில் நீதிபதி அந்த வரியை இரண்டு முறை படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இது நீங்களே சொல்லி எழுதினதா அம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குமாஸ்தாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரசு வக்கீல், தன் பதிவேட்டையே பொய் என்கிறவரை எப்படி நம்புவது என்று கேட்டார். "தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள யாரும் பொய் சொல்வதில்லை" என்று மட்டும் சொன்னார் நீதிபதி. அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. பெயில் கிடைத்தது. மறு உத்தரவு வரும்வரை ஞாயிறு உட்பட தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை.

வெளியே புங்கமரத்தடியில் நின்றோம். தினமும் ரேகை வைக்கச் சொன்ன அந்தப் பழைய சட்டத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவள் நான். ஆராயி நிபந்தனை எழுதிய தாளை மடிக்காமல் டப்பாவில் வைத்தாள். "இனிமே ஞாயித்துக்கெழமைக்கும் சீட்டு இருக்குது. ஸ்டேஷனே குடுக்குது" என்றாள்.

கோதண்டபாணியிடமிருந்து என் செல்லுக்கு நான்கு அழைப்பு வந்திருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன வரும் என்று தெரியும். நாளைக்குக் கல்லூரியிலும் கேட்பார்கள், திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனாய் என்று. கிளம்புகிறேன் என்று சொல்லி நான்கு அடி நடந்திருப்பேன்.

"டீச்சர்" என்று கூப்பிட்டாள் ஆராயி. திரும்பினேன். அவள் கோர்ட்டு ஆபீஸ் ஜன்னலைக் கை காட்டினாள்.

"அங்க கேட்டா, இன்னிக்குக் கோர்ட்டுக்கு வந்தீங்கன்னு பேரு, தேதி போட்டு ஒரு சீட்டு குடுப்பாங்க. வாங்கிக்கோங்க. இல்லன்னா நீங்க இங்க வந்தத யாரும் பாத்துருக்க மாட்டாங்க."

ஜன்னலில் எனக்கு முன்னால் ஏழு பேர் நின்றிருந்தார்கள். நான் வரிசையில் நின்றேன்.